கலப்பையை விற்கலாம், பயிர் மாற்றத்தை விற்க முடியாது

திருக்குறளில் உழவு அதிகாரத்தில் 1037, 1038 என்று அடுத்தடுத்து இரண்டு குறள்கள். ஒரு பலப் புழுதி கால் பலமாகச் சுண்டும் அளவுக்கு உழுது காயவிட்டால் ஒரு பிடி எரு கூட வேண்டியதில்லை என்கிறது முதல் குறள். ஏர் ஓட்டுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறது அடுத்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றை ஒன்று மறுப்பது போலத் தெரியும். எடைக் கணக்காக எடுத்தால் முதல் குறள் சொல்வது நடக்காத காரியம். எந்த மேட்டு நிலத்து மண்ணிலும் முக்கால் பங்கு தண்ணீர் இருக்காது. அழுத்திச் சொல்வதற்காக அப்படிச் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. தானியம் நன்றாக விளைய உழவு முக்கியமா, மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது முக்கியமா?

சேலம், நாமக்கல் சமவெளியில் கடந்த 200 வருடங்களில் இந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கலெக்டர்கள், பஞ்சக் கமிஷன்கள், வேதியியல் அறிஞர்கள், டிராக்டர் விற்பவர்கள் எல்லோரும் அதில் உண்டு. சில மாதங்களாக இதைப் பற்றிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

மேட்டுக்காட்டின் பழைய வரிசை

முதலில் ஒரு சொல் விளக்கம். எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை, மழையை நம்பிய நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், ஏரி, ஆற்றுப் பாசனம் இருந்தால் வயல். ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் செம்மண், நடுநடுவே கரிசல். வருடத்துக்கு 700 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் இரண்டு பருவங்களாகப் பிரிந்து வரும். நடுவில் ஏமாற்றும்.

லெஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த சேலம் கெசட்டியரும் இந்த வட்டாரத்தைப் பற்றிப் படிக்க விரும்பும் எவரும் தொட்டே ஆகவேண்டிய புத்தகங்கள். மேட்டுக்காட்டில் அந்தக் காலத்தில் விளைந்தவை கேழ்வரகு, சோளம், கம்பு, சாமை, வரகு, கொள்ளு. நெல்லெல்லாம் ஏரிக்குக் கீழே மட்டும்.

இவற்றைத் தனித்தனியாக விதைப்பது குறைவு. சோளத்தோடு தட்டைப்பயறு, மொச்சை, துவரை கலந்து போவார்கள். கேழ்வரகில் சில அடிக்கு ஒரு சால் அவரை போடுவார்கள். தானியத்தை அறுத்த பிறகும் துவரை நின்று பின்மழையில் காய்க்கும். பட்டம் தவறி நிலம் சும்மா கிடந்தால் கடைசியாக ஒரு உழவு ஓட்டிக் கொள்ளு விதைத்து விடுவார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது உடம்புக்குச் சொன்னது. நிலத்துக்கு அது தலைகீழ். இளைத்த காட்டுக்குத்தான் கொள்ளு.

உழவும் இந்த வரிசைக்குள்ளேயே இருந்தது. சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் காட்டைக் கீறிப் போட்டு, வெயிலில் காயவிட்டு, அடுத்த மழைக்கு மறுபடி குறுக்கே ஓட்டி, ஆடிப்பட்டத்தில் விதைப்பார்கள். நடுவில் ஆட்டுப்பட்டி போடுவதும் உண்டு. ஆக உழவு, பயறு, எரு மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. எது முக்கியம் என்று யாரும் தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

பட்டா வந்தது, தரிசு போனது

1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார்; அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை முளைத்தது இந்த நிலத்தில்தான். ஒவ்வொரு விவசாயியின் நிலத்தையும் அளந்து, அவர் பெயரில் தீர்வையை எழுதுவது அதன் சாரம்.

இதற்கும் பயிர் மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? உலகத்திலேயே பழைய பயிர் மாற்றம் என்பது தரிசு போடுவது. இரண்டு மூன்று வருடம் விதைத்துவிட்டு ஒரு வருடம் நிலத்தைச் சும்மா விடுவது. புல் முளைக்கும், ஆடு மாடு மேயும், சாணி விழும், ஆவாரையும் கொழிஞ்சியும் வளரும். தீர்வை நிலத்தின் பேரில் எழுதப்பட்ட பிறகு, பட்டாவில் இருக்கும் நிலத்தை விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் அது கட்டியாக வேண்டிய பணம். தரிசுக்கு முதல்முறையாக ஒரு விலை வந்தது. வரி கட்டுகிற நிலத்தை எதற்குச் சும்மா போடுவானேன் என்று யாருக்கும் தோன்றும்.

இன்னொரு பக்கம் 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. சேர்வராயன், கொல்லிமலை, கல்ராயன் அடிவாரங்களில் மேய்ச்சலும் தழை வெட்டுவதும் அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டன. மலையிலிருந்து சமவெளிக்குத் தழையாகவும் சாணியாகவும் இறங்கி வந்துகொண்டிருந்த உரம் குறைந்தது. எந்த அதிகாரியும் பயிர் மாற்றத்தைத் தடை செய்து உத்தரவு போடவில்லை. வரியும் வேலியும் அந்த வேலையைச் செய்தன.

பஞ்சமும் இரும்புக் கலப்பையும்

இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில் 1876–78 பெரும்பஞ்சம். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த மாவட்டம், 1881இல் 16 லட்சமாகச் சுருங்கியது. மனிதர்களோடு மாடுகளும் செத்தன. மாடு போனால் இழுவையும் போயிற்று, எருவும் போயிற்று. குறள் 1037, 1038 இரண்டுக்கும் தேவைப்பட்டது அதே மாடுதான்.

பஞ்சத்தை ஆராய்ந்த கமிஷனில் ஜேம்ஸ் கெயர்டு என்ற ஸ்காட்லாந்து விவசாய வல்லுநர் இருந்தார். இந்திய மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், திருப்பிக் கொடுப்பதில்லை, அதனால் சத்து வற்றிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய கவலை. கமிஷன் 1880இல் கொடுத்த அறிக்கை மாகாணந்தோறும் விவசாயத் துறை வேண்டும் என்றது.

சென்னையில் அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1865இல் சைதாப்பேட்டையில் அரசு விவசாயப் பண்ணை தொடங்கி, 1876இல் அங்கேயே விவசாயப் பள்ளியும் வந்தது. அந்தப் பண்ணையில் அதிகம் பேசப்பட்டது இரும்புக் கலப்பை. நாட்டுக்கலப்பை மண்ணைப் பிறாண்டுகிறது, ஆழ உழுது புரட்டினால் விளைச்சல் கூடும் என்பது அன்றைய ஆங்கிலேய விவசாயத்தின் பொதுவான நம்பிக்கை. பண்ணையை நடத்திய ராபர்ட்சனும் அந்தப் பக்கம்தான்.

நாட்டுக்கலப்பை மண்ணைப் புரட்டாது. நாலைந்து அங்குலத்துக்கு ஒரு கூர்மையான பள்ளம் கிழித்துக்கொண்டு போகும். இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் மேடாக நிற்கும், அதனால்தான் குறுக்கும் நெடுக்குமாகப் பல தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது. பார்ப்பதற்கு அரைகுறை வேலை. ஆனால் மானாவாரியில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. மண்ணைப் புரட்டிப் போட்டால் அடியில் இருக்கும் ஈரம் மேலே வந்து வெயிலில் போய்விடும். மேல்மண் மெல்லியதாக இருக்கும் செம்மண் காட்டில் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லும் சரளையும் மேலே வரும். தவிர, கனமான இரும்புக் கலப்பையை இழுக்க வலுவான எருதுகள் வேண்டும். பஞ்சத்தில் எஞ்சிய மாடுகளால் அது ஆகாது.

1889 கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியல் அறிஞரை அரசு வரவழைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு அவர் எழுதிய அறிக்கை 1893இல் வந்தது. இந்திய விவசாயிக்கு உழவும் தெரியும், பயறு கலந்து விதைப்பதும் தெரியும், பயிர் மாற்றுவதும் தெரியும், அவருக்கு இல்லாதது வசதி என்பதுதான் அதன் சாரம். சாணியை எரிக்க வேண்டிய நிலை மாற வேண்டும், விறகுக்கும் தீவனத்துக்கும் தனியாக மரக்காடுகள் வளர்க்க வேண்டும், அப்போதுதான் சாணி நிலத்துக்குப் போகும் என்று எழுதினார்.

இரும்புக் கலப்பை பின்னால் இலகுவான வடிவங்களில் வந்து பரவியது. விறகுக் காடுகள் என்ற யோசனை அந்த வேகத்தில் பரவவில்லை. கலப்பையை ஒரு ஆள் செய்து இன்னொரு ஆளுக்கு விற்கலாம். சாணி வயலுக்குப் போவதிலும், சோளத்துக்குப் பிறகு துவரை வருவதிலும் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

உழுதால் ஏன் விளைகிறது

உழவின் பலன் கற்பனை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் குறள் 1037இன் கட்சியைத் தானாகவே வந்தடைந்தார். மண்ணைப் பொடியாக்கினால் வேர்கள் அந்தத் துகள்களையே தின்று வளரும், எரு தேவையில்லை என்று 1731இல் வெளிவந்த புத்தகத்தில் வாதிட்டார். ஒரே நிலத்தில் எருவில்லாமல் பல வருடம் கோதுமை எடுத்தும் காட்டினார். அவர் சொன்ன காரணம் தப்பு. வேர் மண்ணைத் தின்பதில்லை. ஆனால் விளைந்தது நிஜம்.

அதற்குச் சரியான காரணங்களில் ஒன்று 1958இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கென்யாவில் வேலை செய்த பர்ச் என்ற மண் அறிஞர், நன்றாகக் காய்ந்த மண் மறுபடி நனையும்போது நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகி, மண்ணில் உள்ள மக்கைச் சிதைத்து, பயிர் எடுக்கக்கூடிய தழைச்சத்தை ஒரே வீச்சில் வெளியே விடுகின்றன என்று காட்டினார். மண் எவ்வளவு காய்கிறதோ, நனையும்போது அவ்வளவு வேகம். இன்று இதற்குப் பர்ச் விளைவு என்றே பெயர். கோடை உழவு போட்டுக் காயவிட்டு, மழை விழுந்ததும் தாமதிக்காமல் ஆடியில் விதைப்பது இந்த வீச்சைப் பயிருக்குப் பிடித்துக் கொடுக்கிற ஏற்பாடு. கூடவே களை சாகும், கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும், திறந்த மண் முதல் மழையை உள்ளே வாங்கும்.

ஆனால் அந்தத் தழைச்சத்து எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மண்ணில் ஏற்கெனவே இருந்த மக்கிலிருந்துதான் வந்தது. உழவு புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, இருப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. இருப்பு உள்ளவரை எரு வேண்டாம் என்பது உண்மை. இருப்பு கரையும்போது 1038 தேவைப்படும். இப்படிப் படித்தால் இரண்டு குறள்களுக்கும் சண்டை இல்லை. முதலாவது இந்த வருடத்தைப் பற்றியது, இரண்டாவது வரப்போகிற வருடங்களைப் பற்றியது.

பயிர் மாற்றினால் ஏன் விளைகிறது

பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கின்றன என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். அதாவது வோல்க்கர் இந்தியா வருவதற்கு 3 வருடம் முன்புவரை, சோளத்தில் தட்டைப்பயறு கலப்பதற்கான காரணம் எந்த விஞ்ஞானிக்கும் தெளிவாகத் தெரியாது.

தழைச்சத்து மட்டுமே கதை இல்லை. சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாம் சல்லிவேர்ப் பயிர்கள். துவரையும் ஆமணக்கும் ஆணிவேர் விட்டு இறுகிய அடிமண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அந்த வேர் மக்கிய பிறகு அதே துளையில் அடுத்த பயிரின் வேரும் மழைநீரும் இறங்கும். மாடு கட்டாத ஒரு ஆழ உழவு என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது காரணம் சுடுமல்லி. சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றைக் குடித்து வளரும் ஒட்டுண்ணிக் களை. தூசி மாதிரி விதை. மண்ணில் பல வருடம் தூங்கும். பக்கத்தில் வேர் இருக்கிறது என்ற வேதிச் சைகை கிடைத்தால்தான் முளைக்கும். வெளியே தலை காட்டும் முன்பே சேதத்தைச் செய்துவிடுவதால் உழவும் களையெடுப்பும் பெரிதாக உதவாது. பருத்தியும் கடலையும் அதற்குப் பொய்ச் சைகை கொடுக்கும். விதை முளைக்கும், ஆனால் ஒட்டிக்கொள்ள முடியாமல் செத்துப்போகும். முளைக்கத் தூண்டும் அந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்ததே பருத்தி வேரிலிருந்துதான், 1966இல். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956இல் மக்காச்சோளத்தில் இந்தக் களை தென்பட்டபோது, அதை ஒழிக்க மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி ஏமாற்றி முளைக்க வைத்தார்கள். சோளத்துக்கு அடுத்து பருத்தி போட்டால் வேர்களே அந்த வேலையைச் செலவில்லாமல் செய்யும்.

100 வருடம் ஓடும் சோதனை

இதையெல்லாம் எப்படி உறுதியாகச் சொல்வது? மென்பொருள் வேலையில் ஒரு மாற்றத்தின் விளைவு தெரிய வேண்டுமென்றால் அதை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விடுவோம். விவசாயிக்கு அந்த வசதி இல்லை. விதை மாறும், மழை மாறும், உரம் மாறும். நல்ல விளைச்சல் எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. போதாக்குறைக்கு, மண்ணின் இருப்பு கரைவது 2, 3 வருடத்தில் கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் லாஸும் கில்பர்ட்டும் 1843இல் தொடங்கிய பிராட்பாக் வயலுக்கு இவ்வளவு மதிப்பு. ஒரே வயலில் பாத்தி பிரித்து, எரு இல்லாமல், தொழுவுரத்தோடு, ரசாயன உரத்தோடு என்று இன்றுவரை கோதுமை விதைக்கிறார்கள். எதுவுமே போடாத பாத்தி ஹெக்டேருக்குச் சுமார் 1 டன்னில், அதாவது ஏக்கருக்கு 400 கிலோவில் நின்றுவிட்டது. உழவு ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1968இலிருந்து சில பகுதிகளில் பயிர் மாற்றமும் சேர்த்தார்கள். இடைவெளி விட்டு வரும் முதல் கோதுமை, தொடர்ந்து விதைத்த கோதுமையை விட அதிகம் விளைகிறது. வேரைத் தாக்கும் பூஞ்சை நோய் நடுவில் பட்டினி கிடப்பது அதற்கு முக்கியக் காரணம்.

நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. சைதாப்பேட்டைப் பள்ளியின் வாரிசாகக் கோயம்புத்தூரில் வளர்ந்த விவசாயக் கல்லூரியில், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், 1909இல் நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று தொடங்கப்பட்டது. இன்னும் நடக்கிறது. தொழுவுரப் பாத்தியும், எல்லாச் சத்தும் சமமாகப் போட்ட பாத்தியும் தாக்குப்பிடிக்கின்றன. ஒன்றும் போடாத பாத்தியும் ஒரே சத்தை மட்டும் போட்ட பாத்தியும் பின்தங்குகின்றன. சேலம் மேட்டுக்காட்டுக்கு இதைவிடப் பக்கத்தில் இவ்வளவு பழைய சாட்சி கிடையாது.

மரவள்ளி, முட்டை, மக்காச்சோளம்

இனி நம் காலத்துக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டில் நிலக்கடலை மேட்டுக்காட்டைப் பிடித்தது. கடலையும் பயறு வகைதான் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. தவிர, கடலை பிடுங்குவதே ஒரு உழவு. ஊடே துவரையும் ஆமணக்கும் நின்றன. கொடியை மாட்டுக்கு எடுத்துப் போய்விடுவதால் பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அடுத்து மரவள்ளி. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். 1981இல் கூட்டுறவு அமைப்பாகச் சேகோசர்வ் வந்தது. மரவள்ளி 10 மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். சோளத்துக்கும் பயறுக்கும் பட்டம் மிஞ்சாது. சாம்பல்சத்தை நிறைய உறிஞ்சும், கிழங்கையும் குச்சியையும் எடுத்த பிறகு நிலத்துக்குத் திரும்புவது உதிர்ந்த இலைதான்.

பிறகு கோழிப்பண்ணை. 1997இல் தனி மாவட்டமான நாமக்கல் முட்டைக்குப் பேர் போனது எல்லோருக்கும் தெரியும். கோழிக்குத் தீவனம் மக்காச்சோளம். ரேஷன் அரிசி வந்த பிறகு சோளச்சோறு தின்பவர் குறைந்துவிட்டதால், சோளம் இருந்த இடத்தில் மக்காச்சோளம் வந்தது. இங்கே விளைவது போதாமல் கர்நாடகம், ஆந்திரம், பீகாரிலிருந்தெல்லாம் வருகிறது. அதாவது பீகார் மண்ணின் சத்து ரயில் ஏறி நாமக்கல்லில் இறங்கி, கோழி எருவாகி, மஞ்சளுக்கும் கரும்புக்கும் மரவள்ளிக்கும் போகிறது. காசும் பாசனமும் உள்ள தோட்டத்துக்குத்தான் அதில் பெரும்பங்கு. மேட்டுக்காட்டுக்கு வந்து சேருவது மிச்சம் மீதி.

உழவும் மாறியது. இன்று ஊரில் கேட்டால் அஞ்சு கலப்பை, ஒன்பது கலப்பை, சட்டிக்கலப்பை, ரொட்டவேட்டர் என்று மணிக்கணக்கு வாடகை சொல்வார்கள். ராசிபுரம் பக்கம் பண்ணையம் பார்க்கும் என் மாமா ஒருவர் சொன்னது: "ரொட்டவேட்டர் ஓட்டுனா காடு மாவாட்டம் ஆயிருது மாப்ள. பார்க்க அழகுதான். ஒரு மழை பேஞ்சா மேல பொருக்குக் கட்டிக்கும், அடியில கட்டாந்தரை." மேல் நாலைந்து அங்குலத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பொடியாக்கினால், அதற்குக் கீழே டிராக்டர் எடையில் ஒரு தட்டு இறுகும். துவரை வேர் துளைத்த தட்டு அது. இப்போது அதை உடைக்க உளிக்கலப்பை வேண்டும். 2, 3 வருடத்துக்கு ஒருமுறை ஓட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். வேர் செய்த வேலைக்கு டீசல் செலவு.

2018இல் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, ஆப்பிரிக்கா வழியாக அந்த வருடம் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டது. சில மாதத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் குருத்தைத் தின்றது. வருடம் பூராவும் எங்காவது மக்காச்சோளம் பச்சையாக நிற்கும் வட்டாரத்தில் அதற்குத் தட்டுப்பாடே இல்லை. அதன் பிறகு பல்கலைக்கழகம் கொடுத்த பரிந்துரைகளைப் பாருங்கள்: கோடை உழவு போட்டுக் கூட்டுப்புழுவை வெயிலில் காட்டுங்கள், கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு போடுங்கள், தட்டைப்பயறு, உளுந்து, துவரை, எள்ளு என்று ஊடுபயிரும் ஓரப்பயிரும் விதையுங்கள். சித்திரை உழவும் கலப்பு விதைப்பும் பூச்சி மேலாண்மை என்ற பெயரில் திரும்பி வந்திருக்கின்றன.

உழவே வேண்டாம் என்பவர்கள்

இயற்கை விவசாயம் பேசும் நண்பர்கள் மசனோபு ஃபுகுவோகாவைக் காட்டி உழவையே விட்டுவிடலாம் என்பார்கள். அவர் உழவில்லைதான். ஆனால் நெல்லும் வாற்கோதுமையும் மாற்றி மாற்றி விதைத்தார், கீழே க்ளோவர் என்ற பயறினத் தழையை வளர்த்தார், வைக்கோல் முழுவதையும் நிலத்துக்கே கொடுத்தார். உழவை விட்டவர் பயிர் மாற்றத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டார்.

கேமரன் பிட்டல்கோவும் கூட்டாளிகளும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையே எண்ணிக்கையில் காட்டுகிறது. 63 நாடுகளில் 48 பயிர்களைப் பற்றிய 610 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். உழவை மட்டும் நிறுத்தினால் சராசரியாக விளைச்சல் குறைகிறது. கூடவே தட்டையை நிலத்தில் விட்டு, பயிரையும் மாற்றினால் இழப்பு சுருங்குகிறது. வறண்ட மானாவாரியில் மூன்றும் சேர்ந்தால் விளைச்சல் 7 சதவீதம் வரை கூடுகிறது.

நம் காட்டுக்கு அப்படியே பொருந்துமா? தட்டையை நிலத்தில் விட வேண்டும் என்ற இடத்தில் இடிக்கிறது. இங்கே சோளத்தட்டு மாட்டுத் தீவனம். தட்டு விலையைப் பார்த்துச் சோளம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மண்ணுக்கு விடு என்று சொல்ல, பால் காசுக்கு வேறு வழி காட்ட வேண்டும். எனவே உழவை அடியோடு விடுவது இப்போதைக்கு ஆகிற காரியமில்லை. அளவாக உழுது, துவரையையும் தட்டைப்பயறையும் கொள்ளையும் சுற்றில் திரும்பக் கொண்டுவருவது ஆகும். தெரியாத வித்தை ஒன்றும் இல்லை.

பின் ஏன் நடப்பதில்லை என்று அதே மாமாவைக் கேட்டேன். அவர் தன் காட்டோடு பக்கத்துக் காட்டையும் வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். தன்னுடையதில் மக்காச்சோளத்துக்கு அடுத்து பயறு போடுகிறார். குத்தகைக் காட்டில் மக்காச்சோளம், மறுபடியும் மக்காச்சோளம். "அடுத்த வருசம் அந்தக் காடு என்ற கையில இருக்குமான்னே தெரியாது. அதுல எதுக்கு மாப்ள நான் பயறு போட்டு வெக்கோணும்?"

உழவின் பலன் அதே பட்டத்தில் கைக்கு வருகிறது, பயிர் மாற்றத்தின் பலன் அடுத்த வருடம் அந்த நிலத்தை விதைப்பவருக்குப் போகிறது. அன்று தரிசுக்குத் தீர்வை விதித்ததும் இன்று வருடக் குத்தகையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. டிராக்டருக்கு மானியம் இருக்கிறது, உளிக்கலப்பைக்கு வாடகைத் திட்டம் இருக்கிறது. 3 வருடத்துக்குக் குறையாத குத்தகை ஒப்பந்தமும், துவரைக்கும் கொள்ளுக்கும் நம்பகமான விலையும் இருந்தால், சேலம், நாமக்கல் மேட்டுக்காட்டுத் தானிய விளைச்சலுக்கு இன்னொரு புதுக் கலப்பையை விட அவை அதிகம் செய்யும் என்பது என் கணிப்பு. குத்தகை விட்டிருக்கும் காடு உங்களுக்கு இருந்தால், இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.